சவிரிமுத்து தீர்ப்பு

பாரிசின் லா சப்பலில் மெத்ரோ ரயில் பாலத்துக்கு அடியால் கடந்து இரண்டாவது தெருவுக்குள் திரும்பினால் ஒரு சாப்பாட்டுக்கடை வரும். காலை பத்து மணிக்கு அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸும் வடையும் அடுக்கிக்கொண்டு நிற்பவர்தான் இம்மாகுலேற். வயது ஐம்பத்தெட்டு. மன்னாரில் பிறந்து, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பாரிசுக்கு வந்தவர். கணவர் வலன்ரைன் ருவாசி விமானநிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்யும் வேலையில் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்து வேறு ஊர்களில்.

கடைக்கு வந்துபோகிறவர்களுக்கு இம்மாகுலேற் ஒரு கதை சொல்வார். யாராவது ஒருவர் பிரெஞ்சு அலுவலகம் எதிலோ அலைக்கழிந்து, "உவையளோட மல்லுக்கட்டி வெல்லேலாது அக்கா" என்று அலுத்துக்கொண்டால் போதும், கதை தொடங்கிவிடும்.

"ஏன் வெல்லேலாது? நான் வெண்டனான். பிரான்ஸ் அரசாங்கத்தின்ர கொம்மிசேர் ஒருத்தர் எழும்பி நிண்டு எனக்கு எதிராப் பேசினவர். அப்பிடியும் வெண்டனான்."

பதினெட்டு வருடங்களாக அவர் சொல்லிவந்த கதை அது. அதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி எப்படித் தவறென்று தெரியவந்தது என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கடைக்கு வருவதற்கு முன்பு இம்மாகுலேற் வடக்குப் புறநகர் ஒன்றில், ஒரு ஆரம்பப் பள்ளியின் கன்ரினில் வேலை செய்தார். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வேலை கொடுத்தது அந்த ஊர் நகரசபை. ஒவ்வொரு செப்ரெம்பரும் ஒரு வருட ஒப்பந்தம், அடுத்த செப்ரெம்பரில் இன்னொன்று என்று ஆறு வருடம் ஓடியது. இரண்டாயிரத்தோராம் ஆண்டு விடுமுறை முடிந்து, வெள்ளை மேலங்கியைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போனபோது, அவர் நிற்கிற இடத்தில் வேறொரு பெண் நின்று கரட் சீவிக்கொண்டிருந்தார்.

சமையலறைப் பொறுப்பாளர் அவரைக் கண்டதும் சங்கடப்பட்டார். "உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லையே. ஜூன் மாதமே பதிவுத்தபாலில் கடிதம் போனதே. கிடைக்கவில்லையா?"

கிடைக்கவில்லை. ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டார். தனக்குத் தெரியாது என்றார் பொறுப்பாளர். நகரசபைக்குப் போய்க் கேட்டார். கடிதத்தில் இருக்கிறது என்றார்கள். பிறகு அவர்கள் எடுத்துக் காட்டிய கடிதத்தில் 'புதுப்பிக்கப்படமாட்டாது' என்ற ஒற்றை வரிக்குமேல் எதுவும் இல்லை. உறையின் மீது 'இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை' என்ற முத்திரையோடு அது திரும்பிவந்து, ஒரு கோப்புக்குள் கிடந்தது.

இப்படி ஒருவர் இல்லை என்றது பெயரால் வந்த வினை. பிரெஞ்சுப் படிவங்களில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று குடும்பப்பெயருக்கு, மற்றது சொந்தப்பெயருக்கு. இம்மாகுலேற்றுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. சவிரிமுத்துவின் மகள் இம்மாகுலேற், அவ்வளவுதான். வந்த புதிதில் படிவம் நிரப்பிய அலுவலர், முன்னால் நின்ற பெயரை முதற் கட்டத்தில் போட்டார். அன்றிலிருந்து அரசாங்கக் காகிதங்களில் அவர் திருமதி சவிரிமுத்து. வலன்ரைனுக்கும் அதே கதை, அவர் தன் தகப்பனின் பெயரோடு திரிந்தார். ஆனால் குடியிருந்த கட்டடத்தின் கடிதப்பெட்டியில் அவர்கள் ஒட்டிவைத்தது தங்கள் சொந்தப் பெயர்களை: வலன்ரைன், இம்மாகுலேற். தபால்காரர் சவிரிமுத்துவைத் தேடினார், காணவில்லை, திருப்பியனுப்பிவிட்டார்.

கன்ரினில் அவரோடு பாத்திரம் கழுவிய ஜெர்மேன் என்ற பிரெஞ்சுக்காரி இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். தொழிற்சங்கத்தில் இருந்தவர், குள்ளமான உருவம், சிகரெட்டால் கரகரத்த குரல். "இதைச் சும்மா விடக்கூடாது" என்று சொல்லி, தானே பக்கத்தில் இருந்து முறைப்பாடு எழுதினார். ஒக்ரோபரில் அது நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனது.

முதல் நீதிமன்றம், முறைப்பாடு பிந்திவிட்டது என்றது. தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும், கடிதப்பெட்டியில் சட்டப்படியான பெயரைப் போடாதது அவருடைய தவறு. மேன்முறையீட்டிலும் அதே பதில். ஜெர்மேன் விடவில்லை. சட்ட உதவிப் படிவம் நிரப்பி, மேலே இருக்கிற கடைசி இடத்துக்குக் கொண்டுபோனார். பிரெஞ்சில் அதைக் கொன்செய் டெத்தா என்பார்கள். தமிழில் அரச மன்றம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே வாதாடுவதற்கென்றே தனியாகச் சில வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கோப்பை எடுத்தார். நீங்கள் வரத் தேவையில்லை என்று எழுதினார். இம்மாகுலேற் போகவில்லை.

இரண்டாயிரத்தாறில் தீர்ப்பு வந்தது. வழக்கு பிந்தவில்லை, மறுபடி விசாரியுங்கள் என்று. மறுபடி விசாரித்தார்கள், நகரசபை தோற்றது, நட்டஈடு வந்தது. அந்த வேலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை. அதற்குள் லா சப்பலில் வேலை கிடைத்திருந்தது.

தீர்ப்புக் காகிதத்தை ஜெர்மேனும் அவரும் ஒரு கோப்பிக்கடையில் வைத்து வரிவரியாக வாசித்தார்கள். இன்னாருடைய அறிக்கையைக் கேட்ட பின், இன்ன வழக்கறிஞரைக் கேட்ட பின் என்று போய், 'அரசாங்க ஆணையாளரின் முடிவுரையைக் கேட்ட பின்' என்று ஒரு வரி. ஜெர்மேன் மேசையில் அடித்தார். "பார்! உனக்கு எதிராக அரசாங்கமே ஆணையாளரை அனுப்பியிருக்கிறது. அவனையும் தோற்கடித்திருக்கிறாய்!"

ஆணையாளரைப் பிரெஞ்சில் கொம்மிசேர் என்பார்கள். கொம்மிசேர் கதை பிறந்தது அந்த மேசையில்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் ஆட்கள் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, பேர்ளி அவரைத் தேடி வந்தாள். பேர்ளி இம்மாகுலேற்றின் சிநேகிதி ஒருத்தியின் மகள். முப்பத்தொரு வயது, எபினே என்ற புறநகரின் மெறியில், அதாவது நகரசபையில், முன்மேசை வேலை. பதவி உயர்வுப் பரீட்சைக்காகப் பின்னேர வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அன்ரி, உங்கட பப்பியேயில, அரசாங்கக் காகிதத்தில, இருக்கிற பேர் என்ன?"

"சவிரிமுத்து. ஏன் பிள்ளை?"

"நீங்கள் முந்தி ஒரு கன்ரினில வேலை செய்தனீங்களோ? நிப்பாட்டினாப் பிறகு கோட்டுக்குப் போனனீங்களோ?"

"ஓம். ஆர் சொன்னது, அம்மாவோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட புரொபெசர் வகுப்பில சொன்னவர்."

பழைய வழக்கைத் திரும்பக் கிண்டுகிறார்களோ என்று இம்மாகுலேற் முதலில் பயந்தார். பேர்ளி சிரித்தாள்.

"அப்பிடியில்லை அன்ரி. இஞ்சை உந்தத் தீர்ப்புகளுக்கு, வழக்குப் போட்ட ஆக்களின்ர பேரைத்தான் வைக்கிறவை. ஊழியருக்கு என்ன பேரில கடிதம் அனுப்பவேணும் எண்ட பாடத்தில 'சவிரிமுத்து தீர்ப்பு' எண்டு வந்துது. புரொபெசர் அந்தப் பேரைச் சொல்லப் பட்ட பாட்டைப் பாத்திருக்கவேணும். அதைக் கேட்டுத்தான் நான் நிமிந்தனான்."

"அப்பான்ர பேரையோ?"

"ஓம். நெற்றில தேடினன். அங்கை ஆக்களின்ர பேரை மறைச்சு 'திருமதி ஏ' எண்டுதான் கிடக்கு. ஆனா அச்சடிச்ச புத்தகத்தில முழுப் பேரும் இருக்குமாம்."

சவிரிமுத்து கடலுக்குப் போனவர். எண்பத்தெட்டில் இறந்தார். வாழ்நாளில் ஒரு நீதிமன்றத்தின் படியையும் மிதித்ததில்லை. அவர் பெயரை முன்பின் தெரியாத பிரெஞ்சுப் பிள்ளைகள் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள் என்பதை அவருடைய மகளால் அன்றைக்கு முழுவதும் ஜீரணிக்க முடியவில்லை. ஏன் என் வழக்கை? அதில் அப்படி என்ன இருந்தது? வென்றதோடு அவர் அந்தக் காகிதங்களைக் கட்டி அலுமாரிக்கு மேல் போட்டிருந்தார். எந்த இடத்தில், எந்த மனிதர்கள், தன்னுடைய கடிதப்பெட்டியைப் பற்றி இருந்து பேசினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசிக்கத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை. சட்டப் புத்தகங்கள் வைத்திருக்கும் பெரிய நூலகம் ஒன்றின் பெயரைப் பேர்ளி எழுதிக் கொடுத்திருந்தாள். இம்மாகுலேற் தனியாகவே போனார். அங்கே மேசையில் இருந்தவர் ரோமன் என்ற மெலிந்த மனிதர். இம்மாகுலேற் தயங்கித் தயங்கித் தான் தேடி வந்ததைச் சொன்னதும், அவர் எழுந்து உள்ளே போய், செங்கல் போலத் தடித்த ஒரு புத்தகத்தோடு வந்தார். அரச மன்றத்தின் அந்த வருடத்துத் தீர்ப்புத் தொகுப்பு. பின்பக்க அட்டவணையில் எஸ் எழுத்தில் விரலை ஓட்டினார்.

"இதோ. நீங்கள்தானா?"

சிறிய எழுத்தில் அவருடைய அப்பா இருந்தார். முன்னால் 'திருமதி'. பக்கத்தைத் திருப்பினால் முக்கால் பக்கம். ரோமன் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டினார். முடிந்ததும் இம்மாகுலேற் தன் வழமையான கதையைச் சொன்னார், இத்தனைக்கும் அரசாங்க ஆணையாளர் எனக்கு எதிராகப் பேசியிருந்தார் என்று.

ரோமன் புருவத்தை உயர்த்தினார். "எதிராகவா? யார் சொன்னது?"

"தீர்ப்பிலேயே இருக்கிறதே. அரசாங்க ஆணையாளர்."

"பெயர்தான் அப்படி. அவர் அரசாங்கத்தின் ஆள் இல்லை, மதாம். அந்த மன்றத்தின் உறுப்பினர். வழக்கைத் தனியாகப் படித்து, சட்டப்படி எது சரியென்று தனக்குப் படுகிறதோ அதை எல்லார் முன்னிலையிலும் எழுந்து சொல்வார். தீர்ப்பில் அவருக்கு வாக்கு இல்லை. அரசாங்கம் உட்பட யாரும் அவருக்கு இப்படிச் சொல் என்று சொல்ல முடியாது. உங்களைப் போலப் பலர் பெயரைப் பார்த்துத் தவறாக நினைத்ததால் இரண்டாயிரத்தொன்பதில் பெயரையே மாற்றிவிட்டார்கள். இப்போது பொது அறிக்கையாளர்."

"பிறகேன் முதலில் அப்படிப் பெயர் வைத்தார்கள்?"

ரோமனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வேறு யாரும் மேசைக்கு வராததால், கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். புரட்சிக்காலத்தில், சாதாரண நீதிபதிகள் நிர்வாகத்தின் வேலையில் தலையிடக்கூடாது என்று சட்டம் போட்டார்களாம். மன்னர் காலத்து நீதிபதிகள் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்த கோபம். அப்படியானால் நிர்வாகம் தவறு செய்தால் யாரிடம் போவது? நிர்வாகத்திடமே போக வேண்டியதுதான். ஆயிரத்தெழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நெப்போலியன் இந்த மன்றத்தை உண்டாக்கினார். அரசாங்கத்துக்குச் சட்டம் எழுத ஆலோசனை சொல்வது ஒரு வேலை, மக்கள் கொண்டுவரும் முறைப்பாடுகளைப் பார்ப்பது இன்னொரு வேலை. ஆனால் அந்தக் காலத்தில் மன்றம் தீர்ப்பை எழுதும், கையெழுத்துப் போடுவது நாட்டின் தலைவர்.

"குற்றம் சாட்டப்பட்டவரே கையெழுத்துப் போடுவதா?" என்றார் இம்மாகுலேற்.

"அதேதான். அது ஆயிரத்தெண்ணூற்று எழுபத்திரண்டு வரைக்கும். அதன்பிறகுதான் மன்றம் தானாகவே, பிரெஞ்சு மக்களின் பெயரால், தீர்ப்புச் சொல்லத் தொடங்கியது. அதற்கு முந்திய வருடம் அது இருந்த மாளிகையையே பாரிஸ் கலவரத்தில் எரித்துவிட்டார்கள். பிறகுதான் இப்போது இருக்கிற பலே ருவயால் மாளிகைக்கு வந்தது. அப்போதும்கூட முதலில் அமைச்சரிடம்தான் முறையிட வேண்டும் என்று இருந்தது. மார்செய் நகரத்தில் வீதி வேலைப் பொறியியலாளர் ஒருவர். அவருடைய பதவியை நகரசபை இல்லாமல் செய்துவிட்டது. அமைச்சரிடம் போனார், பலனில்லை. மன்றத்துக்கு வந்தார். ஆயிரத்தெண்ணூற்று எண்பத்தொன்பதில் மன்றம், இனி யாரும் நேரே எங்களிடம் வரலாம் என்றது. அந்தத் தீர்ப்புக்கும் அந்த மனிதருடைய பெயர்தான்."

"அவரையும் நகரசபைதான் நிறுத்தியதோ?"

"ஆம், மதாம்."

இம்மாகுலேற் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்திய மார்செய்க்காரர் திடீரென்று பக்கத்துவீட்டு மனிதர் போலாகிவிட்டார். அப்புறம் கேட்டார்: "அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்வதும் இவர்கள், அரசாங்கத்துக்கு எதிரான வழக்கைக் கேட்பதும் இவர்கள். அது எப்படிச் சரிவரும்?"

"இருநூறு வருடமாக எல்லாரும் கேட்கிற கேள்வி இது" என்றார் ரோமன். "ஒரு விஷயத்தில் ஆலோசனை சொன்னவர் அதே விஷயத்தின் வழக்கில் உட்கார முடியாது என்று இப்போது விதி இருக்கிறது. அது போதுமா என்று இன்னமும் வாதாடுகிறார்கள்."

அதோடு அவர் நிற்கவில்லை. கணினியில் எதையோ தட்டிப்பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய சட்டச் சஞ்சிகை. "சில முடிவுரைகளை அச்சில் போடுவார்கள். உங்களுடையதைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஆணையாளர் என்ன பேசினார் என்று பார்ப்போமா?"

ஏழு பக்கம். முதல் நாலு பக்கமும் சட்ட இலக்கங்கள். ஐந்தாம் பக்கத்தில் ரோமனின் விரல் நின்றது. அவர் மெதுவாக வாசித்தார்:

"'இந்தப் பெண்மணியிடம் நாம் என்ன குறை காண முடியும்? அவர் பிறந்த சமூகத்தில் தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும், மனிதரை அழைப்பது பின்னால் நிற்கும் பெயரால். அவர் தன் வாசலில் தன் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார். நகரசபை ஆறு ஆண்டுகள் சம்பளச் சீட்டையும் சுற்றறிக்கையையும் அந்தப் பெயருக்கே அனுப்பியது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தது கடைசிக் கடிதம் மட்டும். வேலைக்கு அழைக்க ஒரு பெயர், வேலையை விட்டு நிறுத்த வேறொரு பெயர் என்று நிர்வாகம் வைத்துக்கொள்ள முடியாது.'"

இம்மாகுலேற் சஞ்சிகைமேல் குனிந்து, "அந்தக் கடைசி வரியை இன்னொருமுறை வாசிக்க முடியுமா?" என்று கேட்டார். ரோமன் வாசித்தார், பிறகு அந்த ஏழு பக்கத்தையும் நகலெடுத்துக் கொடுத்தார்.

கன்ரினில் சம்பளச் சீட்டு எந்தப் பெயரில் வந்தது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. முதல் வருடப் பொறுப்பாளருக்குச் சவிரிமுத்து வாயில் நுழையாததால், இம்மாகுலேற் என்று எழுதிவிட்டார், அது அப்படியே நிலைத்துவிட்டது. ஆறு வருடச் சீட்டுகளையும் ஜெர்மேன்தான் கோப்புக்குள் சேர்த்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. முன்பின் காணாத ஒரு மனிதர் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அந்த மனிதரைத்தான் பதினெட்டு வருடமாகக் கடைவாசலில் நின்று எதிரி என்று சொல்லிவந்திருக்கிறார்.

பின்னேரம் வலன்ரைன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்பே விஷயத்தைச் சொன்னார்.

"அப்ப இவ்வளவு வருசமும் அந்த மனிசனைத் திட்டினது சும்மாவோ?" என்று வலன்ரைன் கேட்டார்.

"நான் திட்டேல்லை. எதிராப் பேசினவர் எண்டுதான் சொன்னனான்."

"நான் திட்டினனான்" என்றார் வலன்ரைன். கதிரையில் உட்கார்ந்து நகலை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் பிரெஞ்சு வாசிப்பு அவ்வளவு ஓடாது. ஆனால் தன் மனைவியின் பெயர் அச்சில் வருகிற இடங்களைக் கண்டுபிடித்து எண்ணினார். "பன்னிரண்டு தரம் சொல்லியிருக்கிறார். பேசாம ஒரு கடிதம் எழுதுமன் அவருக்கு."

இம்மாகுலேற்றும் அதையே நினைத்திருந்தார். ஜெர்மேனுக்குத்தான் முதலில் ரெலிபோன் எடுத்தார். ஜெர்மேன் இப்போது பிரெத்தானில் தங்கை வீட்டில் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. கேட்டுவிட்டு நெடுநேரம் இருமினார், பிறகு, "சரி, நான் தவறாக வாசித்துவிட்டேன். அரசாங்கம் அனுப்பாவிட்டாலும் நாம் வென்றது வென்றதுதான்" என்றார். கடிதத்தில் தன் வணக்கத்தையும் சேர்க்கச் சொன்னார்.

கடிதம் எழுதப்படவில்லை. பேர்ளி விசாரித்ததில், அந்த ஆணையாளர் ஓய்வு பெற்று, நாலு வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டார் என்று தெரிந்தது. இம்மாகுலேற் அடுத்த ஞாயிறு அவருடைய ஆன்மாவுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார். அந்தோனிப்பிள்ளை, ஞானசீலி, மரியதாஸ் என்று இறந்தவர்களின் பெயர்களை வரிசையாக வாசித்துவந்த சுவாமியார் அந்த நீண்ட பிரெஞ்சுப் பெயரில் தடுமாறி, மறுபடி எடுத்து, ஒருமாதிரி வாசித்து முடித்தார். இவர் யாராயிருக்கும் என்று முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த மனிதர் எந்த இடத்தில் எழுந்து நின்றார்? விசாரணைகள் எல்லாருக்கும் திறந்தவை, அடையாள அட்டை இருந்தால் போதும் என்று ரோமன் சொல்லியிருந்தார். வசந்தகாலத்தில் ஒருநாள் கடையில் லீவு எடுத்துக்கொண்டு, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, மேலே கம்பளிக் கோட்டைப் போட்டு, அடுத்த நிலையமான ஸ்டாலின்கிராட்டில் மாறி, ஏழாம் இலக்க மெத்ரோவில் பலே ருவயாலுக்குப் போய் இறங்கினார்.

வாசலில் பையைச் சோதித்தார்கள். அகலமான படிகளால் ஏறிப்போனால், பொன்முலாம் பூசிய சுவரும் கூரையில் ஓவியமுமாக ஒரு மண்டபம். அவர் ஆச்சரியப்பட்டது அவற்றுக்கல்ல. நீதிபதிகளுக்கு அங்கி இல்லை. ஒரு நீண்ட வளைந்த மேசையைச் சுற்றி, சாதாரணக் கோட்டும் சட்டையுமாக, கூட்டத்துக்கு வந்த அலுவலர்கள் மாதிரி இருந்தார்கள். கறுப்பு அங்கி வழக்கறிஞர்களுக்கு மட்டும். அவர்களும் அதிகம் பேசவில்லை. வழக்கு இலக்கம் வாசிக்கப்பட்டது. ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், கையில் தாள்களோடு எழுந்தார். மண்டபம் முழுக்க அவர் ஒருவரின் குரல். பொது அறிக்கையாளர் இவர்தான் என்று இம்மாகுலேற் கண்டுகொண்டார். இப்படித்தான் அவரும் நின்றிருப்பார்.

பக்கத்தில், வெயிலில் காய்ந்த முகத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் குனிந்து, அடிக்குரலில் கேட்டார்: "மன்னிக்கவும். இந்த அம்மா யாருக்காகப் பேசுகிறார்? நிர்வாகத்துக்காகவா?"

"உங்கள் வழக்கா?"

"ஆம். என் பெயர் பெர்னார். சோன் ஆற்றில் படகில் குடியிருக்கிறேன். பதினாறு வருடம் கட்டி நின்ற இடத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். வழக்கறிஞர் வரவேண்டாம் என்றார். நான் வந்துவிட்டேன்."

"நீங்கள் வந்தது நல்லது" என்றார் இம்மாகுலேற். "அவர் யாருக்காகவும் பேசவில்லை. தனக்குச் சரியென்று படுவதைச் சொல்கிறார். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுத் தாங்களாக முடிவு செய்வார்கள்."

பெர்னார் அவரை ஏறிட்டுப் பார்த்தார். சேலை கட்டிய பெண்மணிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்திருக்கலாம். அதற்குள் அறிக்கையாளர் முடிவுக்கு வந்திருந்தார். மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று முடித்து உட்கார்ந்தார். பெர்னாரின் வழக்கறிஞர் எழுந்து இரண்டு நிமிடம் பேசினார். தலைவர் நன்றி சொன்னார். அடுத்த இலக்கத்தை வாசித்தார்கள்.

"இப்போதே சொல்ல மாட்டார்களா?" என்றார் பெர்னார்.

"இல்லை. சில கிழமை ஆகும்."

வெளியே சதுக்கத்துக்கு வந்ததும் இருவரும் ஒரு கோப்பி குடித்தார்கள். பெர்னார் தன் படகின் படத்தைக் கைபேசியில் காட்டினார். பச்சை நிறம், மேல்தட்டில் தக்காளிச் செடிகள். இம்மாகுலேற் தன் வழக்கைச் சொன்னார், இந்தமுறை சரியான முறையில். "எனக்காக ஒருவர் எழுந்து நின்றார்" என்று சொல்லி முடித்தார். பெர்னார் வழக்கு இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போனார்.

நாலாவது கிழமை, பேர்ளி கடை மூடுகிற நேரத்தில் மடிக்கணினியோடு வந்து பின்மேசையில் உட்கார்ந்தாள்.

"அன்ரி, வந்திட்டுது. அந்த மனிசன் தோத்திட்டார்."

இம்மாகுலேற் மாப்பிடித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தக்காளிச் செடிகள் நினைவுக்கு வந்தன. அநியாயம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் கேட்டது வேறு.

"ஏனாம்?"

"ஆறு பக்கம் எழுதியிருக்கினம்."

"வாசி."

பேர்ளி வாசித்தாள், வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். ஆறும் கரையும் எல்லாருக்கும் பொதுவானவை. அங்கே நிற்கக் கொடுக்கும் அனுமதி எப்போதும் தற்காலிகமானது, எத்தனை வருடம் நின்றாலும் சொந்தமாகாது. ஆனால் முன்கூட்டியே அறிவித்தார்களா, அவர் சொன்னதைக் கேட்டார்களா, காரணம் கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். பெர்னார் ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கேட்ட எதையும் அவர்கள் தாண்டிப்போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி, ஒவ்வொரு பந்தியிலும் ஒரு பதில்.

"சுருக்கமாச் சொல்லிவிடட்டோ அன்ரி? இன்னும் மூண்டு பக்கம் கிடக்கு. கடை பூட்டவேணுமெல்லே."

"முதலாளி அண்ணை வர இன்னும் அரைமணித்தியாலம் கிடக்கு" என்று சொல்லி, இம்மாகுலேற் கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டார். "அவர் கேட்ட நாலாவது கேள்விக்கு என்ன சொல்லியிருக்கினம்? அதை முதல் வாசி."